ஒழுகுற புல்லட்டும் அக்காவோட சேலையும்

பழைய புல்லட் வச்சிருக்கிறவங்க எல்லாரும் சொல்ற ஜோக் ஒண்ணு உண்டு. "வண்டிக்கு அடியில ஆயில் சொட்டலைன்னா, உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்." எங்க அய்யாவும் சொல்வார். போன ஆவணி வரைக்கும் எங்க வீட்டில் அதுக்குச் சிரிப்பும் வந்துக்கிட்டுதான் இருந்தது.

எங்க ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில். மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் மக்காச்சோளம், உளுந்து, கொஞ்சம் பருத்தி. பெய்யாவிட்டால் பட்டாசு ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் 'ஃபேக்டரி' என்பதை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அக்கா அப்படி ஒரு சின்ன ஆபீஸில் திரி வைக்கிற வேலை பார்க்கிறாள். மச்சான் போன பிறகு எங்களோடதான் இருக்கிறாள். பெரிய ஆபீஸ்களுக்கு வேன் வரும், ஊர் ஊராக ஆளை ஏற்றிக்கொண்டு போகும். அக்கா வேலை பார்க்கிற இடத்துக்கு வேன் கிடையாது. காலையில் 7 மணிக்கு முன்னால் 6 கிலோமீட்டர் புல்லட்டில் கொண்டுபோய் விடுவது என் வேலை.

ஆவணியில் தீபாவளி சரக்குக்காக ஆபீஸ் எல்லாம் நெருப்பாக ஓடும் (இந்த வார்த்தையை அக்கா முன்னால் சொன்னால் திட்டுவாள்). அப்படி ஒரு நாள் அவளை விட்டுவிட்டு வந்து நான் பல்கூட விளக்கவில்லை, போன்.

"தம்பி, வந்து கூட்டிட்டுப் போடா. உள்ள விடமாட்டேங்கிறாங்க."

போனேன். கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறாள். சேலையின் கீழ்க்கரை முழுக்கக் கறுப்புப் புள்ளி. புல்லட்டில் பின் செயின் இடது பக்கம். பெண்கள் உட்காருவதும் இடது பக்கம் கால் போட்டுத்தான். என்ஜின் கக்குகிற ஆயில் செயினில் விழுந்து, செயின் அதைச் சேலையில் தெளித்திருக்கிறது.

போர்மேன் நல்ல மனுஷன்தான். என்னிடம் பொறுமையாகச் சொன்னார். "மருந்து ரூமுக்குப் பக்கத்து ரூம்ல உக்காருது இந்தப் பிள்ளை. எண்ணெய்ச் சேலையோட எப்படி உள்ள விட? நாளைக்கும் இப்படி வந்தா நாளைக்கும் திருப்பித்தான் அனுப்புவேன். உங்க வண்டியையும் இனிமே அந்த வளைவுலயே நிறுத்திருங்க. சைலன்சர்ல புகை வருது."

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இது கெடுபிடி மாதிரித் தெரியலாம். பட்டாசு மருந்தில் வெடியுப்பு இருக்கும், அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அது நெருப்புக்கு மூச்சு கொடுக்கிற சரக்கு. கந்தகமும் அலுமினியப் பவுடரும் எரிகிற சரக்கு. என்ன அளவில் எது சேரணும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் இல்லாத ஒரு எரிகிற சரக்கு, அதுவும் எண்ணெய், சேலைக் கரையில் ஒட்டி உள்ளே போனால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. நைலக்ஸ் சேலை கூடாது, பருத்திதான் கட்டணும். உள்ளே நுழையும்போது வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கணும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற இடத்தில்தான் அக்கா வேலை பார்க்கிறாள் என்பதில் எனக்கு நிம்மதி உண்டு. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்தது எங்க பக்கம் யாருக்கும் மறக்காது. 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் சேர்த்தி. இப்பவும் வானத்தில் ஒரு கரும்புகை எழுந்தால் ஊரே திசையைப் பார்த்துவிட்டுப் போனை எடுக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஒண்ணும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "சீசன் நேரத்துல ஒரு நாள் கூலி போச்சு. ஒண்ணு வண்டியைச் சரிபண்ணு, இல்ல வித்துட்டு ஒரு மொபெட் வாங்கு" என்றாள். மொபெட் என்ற வார்த்தை அய்யா காதில் விழுந்தது. கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

வண்டி அய்யாவோடது. 1974 மாடல். பருத்தி விற்ற காசில் வாங்கியது. ஆர்.சி. புக்கில் இன்னும் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கும், ஏனென்றால் எங்க மாவட்டம் பிரிந்ததே 1985-ல். பெங்களூரில் இருந்து ஒருத்தர் வந்து இருந்தபடியே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப்போனார். சொன்ன விலைக்கு மொபெட் வாங்கி, மீதிக் காசில் கிணற்றையும் ஆழப்படுத்தலாம். என் மனைவி கணக்குப் போட்டே காட்டினாள். கணக்கில் தப்பு இல்லை.

நான் பத்து நாள் கேட்டேன். அந்தப் பத்து நாளும் அக்காவைப் பக்கத்து வீட்டுத் தம்பி அவன் வண்டியில் கொண்டுபோய் விட்டான்.

இந்த என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். பேர்தான் மெட்ராஸ் வண்டி. பிறப்பு இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊர். 350 புல்லட் அங்கே 1949-ல் விற்பனைக்கு வந்தது. இந்திய ராணுவம் எல்லையில் ஓட்ட அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி கட்ட ஆரம்பித்தார்கள். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், அப்புறம் எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போச்சு. நம்ம ஆட்கள் அதே வார்ப்பிரும்பு என்ஜினை 2010 வாக்கு வரைக்கும் செய்துகொண்டிருந்தார்கள். 'துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டது' என்பது அந்தக் கம்பெனியின் பழைய விளம்பர வாசகம். துப்பாக்கியில் ஆயில் ஒழுகாதே என்று அய்யாவைக் கேட்டால் பதில் வராது.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் ஒழுகாதது அபூர்வம். ட்ரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன் எல்லாவற்றுக்கும் இதே பேர்தான். கிராங்க் இருக்கிற பெட்டியைத் தேங்காயை உடைக்கிற மாதிரி இடது பாதி, வலது பாதி என்று செங்குத்தாகப் பிளந்து செய்தார்கள். இணைப்பு அடிவரைக்கும் ஓடும். ஆயில் எப்போதும் அந்த இணைப்பின் மேலேயே நிற்கும். 1969-ல் ஹோண்டாக்காரன் சிபி750 கொண்டுவந்தபோது மேல் பாதி, கீழ் பாதி என்று படுக்கைவசமாகப் பிளந்தான். கீழ்ப் பாதி ஒரு சட்டி மாதிரி. சட்டி ஏன் ஒழுகப் போகிறது? அது போக, புல்லட்டில் ஒற்றைப் பிஸ்டன். அது அதிர்கிற அதிர்ச்சியில் போல்ட் எல்லாம் தானாகத் தளரும்.

இதற்கு முன்னால் ரெண்டு பட்டறையில் காட்டியிருந்தோம். பேர் வேண்டாம். ரெண்டு பேரும் செய்த வைத்தியம் ஒண்ணுதான். ஒழுகுற இடத்தில் ஸ்பேனரைப் போட்டு இறுக்குவது, மேலே டியூப்பில் வருகிற பசையை அப்புவது. நட்டுகளின் மூலை எல்லாம் மழுங்கியிருந்தது. பழைய புல்லட்டில் பல நட்டு பிரிட்டிஷ் சைஸ். அந்த ஸ்பேனரில் போட்டிருக்கிற எண் நட்டின் அகலம் இல்லை, போல்ட் தண்டின் கனம். நம்மிடம் இருக்கிற 12, 13 நம்பர் ஸ்பேனர் ஏறக்குறைய உட்காரும். அந்த 'ஏறக்குறைய'தான் நட்டைத் தின்கிறது.

மூன்றாவது பட்டறைக்குப் போக எனக்கு மனசில்லை. எங்க தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் சைக்கிள் பற்றி அவருக்கு ஒண்ணும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லியும் விட்டார். "எனக்குத் தெரிஞ்சது ரெண்டு பரப்பு சமமா ஒட்டுதா இல்லையாங்கிறது மட்டும்தான். அது போதும்னா வாரேன்." ஜெர்மன் மெஷினில் பேப்பர் கனத்தில் வித்தியாசம் பார்த்துப் பழகிய கை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

முதல் நாள் ஸ்பேனரைத் தொடவே விடவில்லை. சீமெண்ணெயும் பிரஷும் கொண்டு என்ஜினைக் கழுவச் சொன்னார். அப்புறம் சோப்புத்தூள் தண்ணீர். வெயிலில் காய்ந்ததும் என் மகளின் முகப்பவுடரை வாங்கி என்ஜின் பூராவும் தூவினார். கோயில் சிலைக்கு விபூதிக் காப்பு போட்ட மாதிரி இருந்தது. கம்மாய்க் கரை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால், பவுடரில் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். ஆயில் கீழேயும் காற்றோடு பின்னாலேயும் ஓடும். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. நாங்கள் அடியில் இருக்கிற போல்ட்டை இத்தனை காலம் சந்தேகப்பட்டோம். ஈரம் தொடங்கியது மேலே டேப்பெட் மூடியில். இன்னொன்று டைமிங் கவரின் பின் ஓரம். இடது பக்கம் பிரைமரி செயின் கவரில் லேசாக. எல்லாவற்றையும் விட அதிகம், பின்னால் போகிற காற்றுக் குழாயில். சேலையைக் கெடுத்தது அதுதான்.

அந்தக் காற்றுக் குழாய் சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும்போது மேலே இருப்பதை மட்டுமா அமுக்குகிறது? கீழே கிராங்க் பெட்டியில் இருக்கிற காற்றையும் அமுக்குகிறது. 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சிசி. என்ஜின் நிமிஷத்துக்கு 2,500 சுற்று சுற்றினால், ஒரு செகண்டுக்கு 40 தடவைக்கு மேல் இந்தக் காற்று வெளியே போக வழி தேடுகிறது. அதற்குத்தான் குழாய். குழாயின் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வாய். காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. அதனால் பெட்டிக்குள் எப்போதும் கொஞ்சம் வெறுமை இருக்கும், ஆயில் வெளியே வருவதற்குப் பதில் உள்ளேயே இழுத்துப் பிடிக்கப்படும். ரப்பர் காய்ந்து விறைத்துப்போனால் மூச்சு முட்டிய என்ஜின் கிடைத்த சந்து வழியாக எல்லாம் ஆயிலைத் தள்ளும். அப்போது எந்த மூடியை எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனம் இல்லை. எங்க வண்டியில் அந்த அலகு கருகிப்போய் நகத்தால் தட்டினால் டக் டக் என்று சத்தம் வந்தது. மதுரையில் புல்லட் சாமான் கடையில் வாங்கினேன். ஒரு பரோட்டா செட்டின் விலைகூட இல்லை. (விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா செட்டைச் சொல்கிறேன்.)

இன்னொரு காரணமும் இருந்தது. புல்லட்டில் ஆயில் தொட்டி தனியாகத் தொங்காது, என்ஜின் வார்ப்பிலேயே ஒரு அறை. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்துக் கொடுக்கும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததை இறைத்துத் திரும்ப ஊற்றும். வண்டி ராத்திரி முழுக்க நின்றால், தேய்ந்த பம்ப் வழியாக ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் குச்சியை விட்டுப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும். பட்டறைப் பையன் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் நிரப்பி அனுப்பியிருக்கிறான். ஸ்டார்ட் ஆனதும் இறங்கிய ஆயில் தொட்டிக்குத் திரும்பும். இப்போது இருக்க வேண்டியதைவிட அதிகம். அந்த அதிகம் எங்கே போகும்? ஓட்டி நிறுத்தி ரெண்டு நிமிஷம் கழித்துத்தான் குச்சி பார்க்கணும். ரெண்டு வாரம் இப்படிப் பார்த்துக் கையில் குறித்து வைத்தேன், நிரப்பவே தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் டேப்பெட் மூடியைக் கழற்றினோம். அது உள்ளங்கை அகல அலுமினிய மூடி, நடுவில் ஒரே ஒரு நட்டு. ஒழுகுதே என்று அந்த ஒற்றை நட்டை இறுக்க இறுக்க நடு குழிந்து ஓரம் தூக்கும். தூக்கினால் இன்னும் ஒழுகும். இன்னும் இறுக்குவார்கள். அண்ணாச்சி வீட்டில் இருந்து ஒரு தடித்த கண்ணாடி கொண்டுவந்தார், பிளேட் போடுகிற டேபிளின் பழைய கண்ணாடி. கூடவே சின்ன டப்பாவில் நீல அச்சு மை. கண்ணாடியில் மையை விரலால் மெல்லிசாகத் தடவி, மூடியை அதில் வைத்து எடுத்தார். ரெண்டு மூலையில் மட்டும் நீலம்.

"பாத்தியா தம்பி, ரெண்டு கால்ல நிக்குது. நாலு பக்கமும் நிக்கணும்."

கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து, சீமெண்ணெய் விட்டு, எட்டுப் போடுகிற மாதிரி மூடியைத் தேய்த்தேன். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை மை வைத்துப் பார்ப்பது. முதலில் மூலை, அப்புறம் ஓரம், கடைசியில் சுற்றிலும் விடாமல் நீல வளையம். சாயங்காலம் ஆகிவிட்டது. உழவுக்கு வாராத நாள் எல்லாம் இப்படித்தான் போகுது என்று வீட்டில் பேச்சு வாங்கியது தனி.

நாலாம் நாள் டைமிங் கவர். இதில்தான் எனக்கு வயிறு கலங்கியது. கவரைப் பிரித்தால் உள் ஓரம் பூராவும் அந்தப் பசை. வெளியே அப்பியதில் பாதி உள்ளே பிதுங்கி, காய்ந்து, புழு மாதிரித் தொங்குகிறது. கவருக்குள் ஆயில் ஃபில்டர் இருக்கிற அறையைத் திறந்தோம். கம்பளி ஃபில்டரைச் சுற்றி அறுந்து விழுந்த பசைத் துண்டுகள். கிராங்குக்கு ஆயில் போகிற வழி இந்தக் கவருக்குள் துளைத்த சின்ன ஓட்டைகள்தான். அதில் ஒரு துண்டு அடைத்திருந்தால் ஆயில் இல்லாமல் பிக் எண்ட் கருகி, ஓடும்போதே என்ஜின் பிடித்திருக்கும். பின்னால் அக்காவோடு, காலை ஆறரை மணிக்கு, மருந்து வேனும் லாரியும் போகிற ரோட்டில். ஒழுகுறதை நிறுத்தப் போட்ட மருந்து ஒழுகுறதை விட மோசம்.

ஓட்டை ஒவ்வொன்றையும் சீமெண்ணெய் விட்டு, சைக்கிள் பம்பால் காற்று அடித்து, அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்தோம். கிராங்குக்கு ஆயில் கொடுக்கிற முனையில் ஒரு சின்னக் கார்க் வாசர் உண்டு. பழசு பொடியாக உதிர்ந்தது. புதுசை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைத்துப் போட்டேன்.

அடுத்தது பேக்கிங். கேஸ்கெட் என்று நீங்கள் சொல்வதை எங்க பட்டறைகளில் பேக்கிங் என்போம். அச்சு மெஷினில் பிளாங்கெட்டுக்கு அடியில் கனம் சரிபண்ண வைக்கிற பேப்பருக்கும் பேக்கிங் என்றுதான் பேராம். அண்ணாச்சி ஒரே குஷியாகிவிட்டார். மைக்ரோமீட்டரை எடுத்துப் பழைய பேக்கிங்கில் கிழியாத துண்டின் கனத்தை அளந்தார். சிவகாசியில் பேப்பருக்கா பஞ்சம்? வெடிக்குக் குழாய் சுற்றுகிற பழுப்பு கிராஃப்ட் பேப்பரில் நாலு வகை கொண்டுவந்து அளந்து ஒண்ணைப் பொறுக்கினார். கவர் மேல் பேப்பரை வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரம் ஓரமாக மெல்லத் தட்டினால் உலோக விளிம்பே பேப்பரை வெட்டிக் கொடுக்கும். போல்ட் ஓட்டைகளும் அப்படியே. ஆயில் போகிற ஓட்டைகளை மட்டும் ரெண்டு பேரும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தோம். ஒண்ணு விட்டுப்போனால் பசை செய்யாததைப் பேப்பர் செய்துவிடும். ரெண்டு பக்கமும் விரல் நுனி கிரீஸ் தடவி, கவரை வைத்து, திருகுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். பசை ஒரு சொட்டு கிடையாது.

பிரைமரி செயின் கவருக்கு ரப்பர் வளையம் மாற்றியது அரை மணி நேர வேலை. அதுவும் நடுவில் ஒற்றை நட்டுதான். அதை இறுக்கவே கூடாது, ரப்பர் உட்கார்ந்தால் போதும்.

சூடாக ஓட்டி, ஆறவைத்து, மறுபடி எல்லாத் திருகையும் ஒரு சுற்று பார்த்தோம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு காலண்டர் அட்டையை விரித்து வைத்தேன். அதற்கு முந்தின வாரம் அதே இடத்தில் அதிரசம் அளவுக்கு வட்டம் இருந்தது. காலையில் கியர் பாக்ஸுக்கு நேராக ரெண்டு சொட்டு, அவ்வளவுதான். அய்யா அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ரெண்டு சொட்டு இருக்கட்டும்" என்றார்.

பத்தாம் நாள் அக்கா ஏறும்போது, தேய்ந்த வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைச் சேலைக்கு வெளியே மடியில் இருந்து கால் வரை தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டாள். என் வேலையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. வளைவிலேயே வண்டியை நிறுத்தினேன், போர்மேன் சொன்னது சொன்னதுதான். இறங்கி, துண்டை அவிழ்த்து உதறி, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். புழுதி மட்டும் இருந்தது.

"இந்தா, இதை வச்சுக்கோ, சாயந்தரம் கொண்டா" என்று துண்டை என் தோளில் போட்டுவிட்டு நடந்தாள். தீபாவளி வரை ஒரு நாள்கூட அவளைத் திருப்பி அனுப்பவில்லை. துண்டு கட்டுவதையும் அவள் விடவில்லை.

பெங்களூர்க்காரர் மறுபடியும் போன் பண்ணினார். ஒழுகுவது நின்றுவிட்டது என்றதும் விலையை இன்னும் ஏற்றினார். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். கிணற்றுக்குப் பணம் வேறு வழியில்தான் பார்க்கணும். கூட்டுறவு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கியர் பாக்ஸில் இருப்பது ஆயில் இல்லை, கிரீஸ் கலந்த கெட்டிச் சரக்கு. ஒழுகினாலும் மெதுவாகத்தான் ஒழுகும், சேலைக்கும் எட்டாது. அண்ணாச்சிக்கு மட்டும் அந்த ரெண்டு சொட்டு பொறுக்கவில்லை, தெருவில் பார்க்கிறபோதெல்லாம் கேட்கிறார். மக்காச்சோளம் ஒடித்து முடித்ததும் பிரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.